டெம்பிள் கிராண்டின் ஒரு நாளை எப்படி ஓட்டுனாங்க: ஒரு முழு கேஸ் ஸ்டடி

ஆட்டிசம்னு பேச்சு எடுத்தாலே யாராச்சும் ஒருத்தர் டெம்பிள் கிராண்டின் பேரை இழுத்துடுவாங்க. பாரு, ஆட்டிசம் இருந்தும் அந்தம்மா புரொஃபசர் ஆயிட்டாங்க, அமெரிக்கா கனடால இறைச்சி ஆலைக்குப் போற மாட்டுல கிட்டத்தட்ட பாதி அவங்க டிசைன் பண்ண அமைப்பு வழியாத்தான் போகுது, மனசு வெச்சா முடியாதது என்ன இருக்குன்னு. எனக்கு முப்பது தாண்டுனப்புறம் ஏடிஹெச்டின்னு (கவனம் ஒரு இடத்துல நிக்காத மூளை அமைப்பு) டாக்டர் எழுதிக் குடுத்த அன்னைக்கு எங்க சித்தப்பா போன்ல சொன்னதும் இதேதான், பேர் மட்டும் ஐன்ஸ்டீன். அந்த "மனசு வெச்சா" மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. அதனாலதான் இந்தம்மா எழுதுனது, மேடையில பேசுனது, அவங்க அம்மா எழுதுனதுன்னு கிடைச்சதை எல்லாம் வேற ஒரு கேள்வியோட உக்காந்து படிச்சேன். விருது பட்டம் எல்லாம் ஒரு ஓரமா இருக்கட்டும், காலைல எந்திரிச்சு ராத்திரி படுக்குற வரைக்கும் இந்த மனுஷி எப்படி சமாளிச்சாங்க, எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க?

மனவலிமை, தன்னம்பிக்கைன்னு தேடிட்டுப் போனா பெருசா ஒண்ணும் அகப்படல. அவங்க பிடிச்சுக்கிட்டு நின்னது எல்லாமே கையால தொடக்கூடிய சாமானா இருந்துச்சு. ப்ளைவுட் பலகை, ஒரு மாத்திரை, துவைச்சு துவைச்சு நைஞ்சு போன உள்ளாடை, வரைபடம் வெச்ச ஃபைலு, அப்புறம் நாலஞ்சு மனுஷங்க. அதைத்தான் இங்க ஒண்ணொண்ணா எடுத்துப் பார்க்கப் போறேன், ஒழுங்கான வரிசையில வராது, மன்னிச்சுக்கோங்க.

கொஞ்சம் முன்கதை

1947 ஆகஸ்ட் 29, அமெரிக்காவுல பாஸ்டன். வசதியான குடும்பம், அம்மா யூஸ்டேசியா, அப்பா ரிச்சர்ட். அம்மாவோட அப்பா விமானத்துக்கு ஆட்டோபைலட் வர்றதுக்கான ஒரு கருவியை சேர்ந்து கண்டுபிடிச்ச இஞ்சினியர், அதனால சாமான் செட்டு, பட்டம் விடுறது, எப்படி வேலை செய்யுதுன்னு கேக்குறது எல்லாம் அந்த வீட்ல தாத்தா கிட்ட இருந்தே வந்துடுச்சு. லியோ கானர்ங்கிற டாக்டர் 11 குழந்தைங்களை வெச்சு ஆட்டிசத்தை விவரிச்சு எழுதுன கட்டுரை 1943-ல வந்துச்சு, அதாவது இந்தப் பொண்ணு பொறக்குறதுக்கு வெறும் நாலு வருஷம் முன்னாடி. பெரும்பாலான டாக்டர்களுக்கே அந்த வார்த்தை தெரியாத காலம். தெரிஞ்சவங்களும் பின்னாடி என்ன பண்ணாங்கன்னா பழியைத் தூக்கி அம்மாக்காரி தலையில போட்டாங்க, பாசமில்லாத ஃப்ரிட்ஜ் மாதிரி அம்மா, அதான் பிள்ளை இப்படி ஆயிடுச்சுன்னு. (நம்ம ஊர்ல இப்பவும் "வேலைக்குப் போற அம்மா, போனைக் குடுத்து வளர்த்துட்டா"ன்னு சொல்றாங்கல்ல, அந்த ஃப்ரிட்ஜுக்கு இன்னும் கரண்ட் கட் ஆகல.)

குழந்தை மூணரை வயசு வரைக்கும் பேசல. தொட்டா விறைச்சுக்கும், கத்தும், மணலை கையில வெச்சு ஒழுக விட்டு மணிக்கணக்கா பாத்துட்டு இருக்கும். முதல்ல டாக்டர்கள் வெச்ச பேர் மூளை பாதிப்பு. எங்கயாச்சும் ஒரு விடுதியில கொண்டு போய் விட்டுடலாம்னு அப்பா நின்னாரு, அம்மா முடியாதுன்னாங்க. பேச்சுப் பயிற்சி குடுக்குற ஒரு டீச்சர் தன் வீட்லயே நாலஞ்சு குழந்தைங்களை வெச்சு நடத்துன பள்ளியில சேத்தாங்க, வீட்ல ஒரு நானியை வெச்சாங்க, அந்த நானி வேலை என்னன்னா நாள் முழுக்க விளையாட்டு, ஒரே விதிதான், என் தடவை, அப்புறம் உன் தடவை.

பேச்சு வந்ததுக்கு அப்புறம் அவங்க சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்னும் மறக்கல. பெரியவங்க ஒருத்தருக்கொருத்தர் வேகமா பேசும்போது இவங்க காதுக்கு அது வெறும் இரைச்சலா வரும், மெய்யெழுத்து காதுலயே விழாது. டீச்சர் ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து, மெய்யெழுத்தை அழுத்திச் சொன்னப்போதான் வார்த்தைன்னு ஒண்ணு பிரிஞ்சு வந்துச்சாம். பிள்ளை கேக்குற வேகத்துக்கு டீச்சர் தன் வாயை மாத்திக்கிட்டாங்க, பேச்சு வந்துச்சு.

இங்க ஒண்ணை மறைக்காம சொல்லிடணும். நானி, தனியார் பள்ளிக்கூடம், அப்புறம் மலையோரத்துல விடுதிப் பள்ளி, இதெல்லாம் காசு. அதே 1950-ல அதே பாஸ்டன்ல கூலி வேலை பாக்குற வீட்ல இந்தக் குழந்தை பொறந்திருந்தா அப்பா சொன்ன விடுதிதான் கதி. இந்த கேஸைப் படிக்கிறவங்க முக்காவாசிப் பேர் இந்த வரியைத் தாண்டிப் போயிடுறாங்க, ஆனா ஒரு கைப்பிடி இல்லாம மாடி ஏறுனவங்க மாதிரி இவங்களைக் காட்டுறது மத்தவங்களுக்குப் பண்ற துரோகம்.

உடம்புக்குள்ள என்ன நடந்துச்சு

ஸ்கூல் பெல் அடிச்சா பல் டாக்டர் மெஷின் நரம்புல பட்ட மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. பிறந்தநாள் பார்ட்டின்னா பலூன் எப்ப வெடிக்கும்னே தெரியாத பயம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போடுற கவுனோட உள்பாவாடை உப்புத்தாள் மாதிரி அறுக்கும், கம்பளித் துணி சுத்தமா ஆகாது. ஒரு துணிக்குப் பழக எல்லாருக்கும் நிமிஷக்கணக்குன்னா இவங்களுக்கு நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. கல்யாண மண்டபத்துல கெட்டிமேளம் அடிக்கும்போது வெளில ஓடிப் போய் செருப்பு விடுற இடத்துல நின்னவங்க, பனியன் டேக்கை வாங்குன அன்னைக்கே கத்தரிச்சுடுறவங்க, இதைப் படிக்கிறவங்கள்ல எத்தனை பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது, நான் ஒருத்தன் இருக்கேன்.

துணி விஷயத்துல அவங்க பண்ண தீர்வு ரொம்ப சாதாரணம். உள்ளாடையை பலமுறை துவைச்சு மெத்துன்னு ஆனப்புறம்தான் போடுறது, உடம்புல ஒரே மாதிரி படுற முழு பேன்ட், பருத்தி. மேல கவ்பாய் ஸ்டைல் சட்டை, கழுத்துல ஒரு ஸ்கார்ஃப். பின்னாடி அது அவங்க அடையாளமே ஆயிடுச்சு, ஆனா அடியில இருக்குற கணக்கு ஒண்ணுதான், தோலுக்கு தினமும் புதுசா சண்டை போட ஒண்ணும் இருக்கக் கூடாது. காலைலயே சட்டையோட சண்டை போட்டு பாதி தெம்பு போயிட்டா மீதி நாளுக்கு என்னத்தை மிச்சம் வெக்கிறது?

14 வயசுல ஒரு பொண்ணு கேவலமா பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கு புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சாங்க, பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிட்டாங்க. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றதுனால "டேப் ரெக்கார்டர்"னு வேற ஒரு பட்டப்பேர். அடுத்து நியூ ஹாம்ப்ஷைர்ல ஹாம்ப்ஷைர் கன்ட்ரி ஸ்கூல்னு ஒரு விடுதிப் பள்ளி, அங்க குதிரை லாயம் இருந்துச்சு. படிப்புல ஒட்டவே இல்ல, ஆனா லாயத்தைக் கூட்டுறது, குதிரைக்குத் தீனி வெக்கிறது எல்லாம் ஒரு நாள் விடாம பண்ணாங்க. பின்னாடி அவங்களே சொல்றாங்க, வேலை பாக்கக் கத்துக்கிட்டது அங்கதான்னு.

அங்கயும் சண்டை வந்துச்சு, அடிதடி. தண்டனையா குதிரை ஏறக் கூடாதுன்னுட்டாங்க. அந்தத் தண்டனை வேலை செஞ்சுச்சு, ஆனா எப்படி செஞ்சுச்சுங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். கோவம் எங்கயும் போகல, அது அழுகையா மாறிடுச்சு. இனிமே கை ஓங்குறதுக்குப் பதிலா அழுதுடலாம்னு அந்தப் பொண்ணு முடிவு பண்ணிடுச்சு. வளர்ந்து பெரிய பெரிய இறைச்சி ஆலைல கான்ட்ராக்ட் எடுத்து நிக்கும்போதும் அதேதான், யாராச்சும் கேவலமா பேசுனா எலக்ட்ரிகல் ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சு அழுதுட்டு வந்து மறுபடி வேலையைப் பாத்திருக்காங்க. அடிச்சா வேலை போயிடும், அழுதா போகாது. அழுகையை நாம எல்லாம் தோத்துப் போனதோட சேத்துத்தான் வெச்சிருக்கோம், இவங்க அதை ஒரு வால்வு மாதிரி வெச்சிருந்தாங்க, கூடவே அது திறக்குறதுக்குன்னு ஒரு ரூமும்.

மாட்டுக் கூண்டுல படுத்த பொண்ணு

வயசுக்கு வந்த சமயத்துல பேனிக் அட்டாக் ஆரம்பிச்சுது. மேடை ஏறுறதுக்கு முன்னாடி வயித்தைப் பிசையும்ல, அது காரணமே இல்லாம காலைல இருந்து ராத்திரி வரைக்கும், தினமும், வருஷக்கணக்கா. இந்த நிலைமையில கோடை லீவுக்கு அரிசோனால இருக்குற ஆன்ங்கிற ஆன்ட் (அத்தை முறை) வீட்டு ரேஞ்சுக்கு, அதாவது மாட்டுப் பண்ணைக்குப் போகணும்னு வந்துச்சு, பொண்ணுக்கோ புது இடம்னாலே நடுக்கம். அம்மா என்ன பண்ணாங்கன்னா போறியா இல்லையான்னு கேக்கவே இல்ல. ஒரு வாரம் இருந்துட்டு வர்றியா, லீவு முழுக்க இருந்துட்டு வர்றியான்னு கேட்டாங்க. போகாம இருக்குறதுங்கிறது அந்தப் பட்டியல்லயே கிடையாது, ஆனா தேர்ந்தெடுக்கிற உரிமை பொண்ணு கையில. கெஞ்சுறது மிரட்டுறது ரெண்டுக்கும் நடுவுல இப்படி ஒரு வாசல் இருக்குன்னு எனக்கு இதைப் படிக்கிற வரைக்கும் தோணல. போன பொண்ணு கோடை முழுக்க அங்கதான் இருந்துச்சு.

அங்க மாட்டுக்குத் தடுப்பூசி போடுறாங்க. ரெண்டு பக்கமும் பலகை வந்து மாட்டை அமுக்கிப் பிடிச்சு நிறுத்துற கூண்டு, ஸ்க்வீஸ் ஷூட்டும்பாங்க. மிரண்டு போய் வர்ற மாடு, சிலது, பலகை அமுக்குன உடனே அடங்கி நிக்குது. பொண்ணு பாத்துட்டே இருந்துச்சு, அப்புறம் ஆன்ட் கிட்ட போய் என்னை இதுக்குள்ள விட்டு அமுக்குங்கன்னுச்சு. அவங்களும் அமுக்குனாங்க (இந்த ஆன்ட்டுக்குத் தனியா ஒரு சிலை வெக்கணும், வேற யாரா இருந்தாலும் அடுத்த பஸ்ஸுல ஊருக்கு அனுப்பியிருப்பாங்க). முதல்ல திமிறல், அப்புறம் உடம்பு விட்டுக் குடுத்துச்சு, வெளில வந்து ஒரு மணி நேரம் போல அமைதி. அத்தனை மாசத்துல முதல் தடவையா.

18 வயசுல தனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கிட்டாங்க, முதல்ல முரட்டு ப்ளைவுட்ல, போகப் போக மெத்தை வெச்சு, காத்தழுத்தத்துல நகர்ற மாதிரி. ஆங்கில வி எழுத்து மாதிரி ரெண்டு சரிவுப் பலகை, நடுவுல முட்டி போட்டுப் படுத்துக்கணும், எவ்வளவு அமுக்கணும் எப்ப விடணும்னு சொல்ற லீவர் நம்ம கையிலயே இருக்கும். முழு விஷயமும் அந்த லீவர்தான். இந்தப் பொண்ணுக்கு கட்டிப்பிடிப்பு வேணும்னுதான் இருந்துச்சு, சின்ன வயசுல இருந்தே ஏங்கியிருக்கு, ஆனா உறவுக்காரங்க வந்து சேத்து அணைச்சா அது வெள்ளம் மாதிரி மூழ்கடிக்கும், எப்ப விடுவாங்கன்னும் தெரியாது. மெஷின் கிட்ட அந்தப் பிரச்சனை இல்ல, போதும்னா போதும்.

காலேஜ்ல சைக்காலஜிஸ்டுங்களுக்கு இதைப் பாத்து வெலவெலத்துப் போச்சு, இது என்னமோ விபரீதம், பிடுங்கிடணும்னாங்க. அம்மாவுக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. அந்த நேரத்துல நின்னவரு வில்லியம் கார்லாக், ஹாம்ப்ஷைர் பள்ளியோட சயின்ஸ் வாத்தியார், அதுக்கு முன்னாடி நாசாவுல வேலை பாத்தவரு. மெஷின் நல்லதா கெட்டதான்னு அவர் வாதாடவே இல்ல. அது ஏன் உன்னை அமைதியாக்குதுன்னு தெரியணும்னா நீ நூலகத்துக்குப் போகணும், ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கக் கத்துக்கணும், சோதனை பண்ணணும்னாரு. அவ்ளோதான், அதுவரைக்கும் படிப்புன்னாலே ஒட்டாத பொண்ணு நூலகத்துல போய் உக்காந்துடுச்சு. கூடப் படிக்கிற 40 மாணவர்களை மெஷினுக்குள்ள படுக்க வெச்சுக் கேட்டாங்க, 62 சதவீதம் பேருக்குப் பிடிச்சிருந்துச்சு. 1970-ல சைக்காலஜி பட்டம், 1975-ல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டில விலங்கறிவியல் முதுகலை, 1989-ல இல்லினாய்ஸ்ல டாக்டரேட். ஒரு வாத்தியார் ஒரு பொண்ணோட விசித்திரப் பழக்கத்தைப் பிடுங்காம அதுலயே கயிறு கட்டி இழுத்தாரு, இழுத்த இழுப்புல எங்க வந்து நிக்குது பாருங்க.

மெஷினைப் பத்தி இன்னொரு சின்ன விஷயம், இதை ஏன் யாருமே எடுத்துச் சொல்றதில்லன்னு தெரியல. வீட்ல ஒரு சயாமீஸ் பூனை, இவங்க தூக்குனா ஓடும். மெஷின்ல இதமான அழுத்தம்னா எப்படி இருக்கும்னு தன் உடம்புல தெரிஞ்சதுக்கு அப்புறம் பூனையையும் அதே மாதிரி தடவிப் பாத்தாங்க, பூனை மடியிலயே இருந்துச்சு. பாசம் காட்டத் தெரியாதவங்கன்னு எழுதி வெச்சவங்க இந்தப் பூனையை விசாரிச்சிருக்கலாம்.

ஆராய்ச்சியா பாத்தா, இந்த மெஷின் எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல ஆதாரம் பத்தாது. 1999-ல வந்த சோதனையில மொத்தமே 12 குழந்தைங்க, பதட்டம் கொஞ்சம் குறைஞ்சுதுங்கிற அளவுக்குத்தான். இன்னைக்கு ஆன்லைன்ல விக்கிற கனமான போர்வைக்கும் இதே கதைதான், சிலருக்கு சொர்க்கம், சிலருக்கு மூச்சு முட்டும். எனக்கு ஜமுக்காளத்தை நாலா மடிச்சு மேல போட்டுக்கிட்டா தூக்கம் வருது, என் தங்கச்சி அதைப் பாத்தாலே பொணம் மாதிரி இருக்குன்னு திட்டுறா.

மாத்திரை

இதை எழுதலாமான்னு யோசிச்சேன், ஏன்னா "மாத்திரை போட்டா அதுக்கே அடிமையாயிடுவே"ங்கிற பேச்சு நம்ம வீடுகள்ல நிறைய. ஆனா இதை விட்டுட்டு எழுதுனா இந்த கேஸே பொய்.

முப்பது வயசைத் தாண்டும்போது பதட்டம் உடம்பைத் தின்ன ஆரம்பிச்சுடுச்சு, பெருங்குடல் அழற்சி, ஓயாத தலைவலி. மெஷின் மட்டும் பத்தல. 1981 வாக்குல மனநலத்தை உயிரியலா பாக்குறது பத்தி ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படிச்சுட்டு, தன் பதட்டத்துக்கும் இது பொருந்துமேன்னு டாக்டர் கிட்ட எடுத்துட்டுப் போய் பேசி, இமிப்ரமின்ங்கிற பழைய மனச்சோர்வு மாத்திரையை ரொம்ப கம்மியான அளவுல ஆரம்பிச்சாங்க. பதட்டம் 90 சதவீதம் போச்சுன்னு சொல்றாங்க, குடலும் தலைவலியும் அடங்குச்சு. பழைய கார்ல கார்புரேட்டர் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி வெக்கிற மாதிரின்னு அவங்க விளக்குறாங்க. இஞ்சின் அதேதான், சும்மா நிக்கும்போதும் ரேஸ் ஆகிட்டு இருந்தது நின்னுச்சு.

ரெண்டு விஷயம் கூடவே சொல்றாங்க. ஒண்ணு, மாத்திரை போட்டும் நடுநடுவுல பதட்டம் திரும்ப வரும், அப்பல்லாம் அளவை ஏத்தணும்னு கை அரிக்கும், ஏத்தாம காத்திருந்தா அதுவா இறங்கிடும், அந்தக் காத்திருப்பைத்தான் கத்துக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டாவது இன்னும் சுவாரசியம், இருபதுகள்லயே மாத்திரை போட்டிருந்தா இவ்வளவு வேலை பண்ணியிருக்க மாட்டேன், அந்தப் பயம்தான் ஓட வெச்சுதுன்னு. இதுல எனக்கு முழு சம்மதம் இல்ல. ஓடுனவங்க சொல்லலாம், அதே பயத்துல விழுந்தவங்க பேட்டி குடுக்க வரமாட்டாங்களே. ஆனா அவங்க வாழ்க்கை, அவங்க கணக்கு. (இது அவங்க டாக்டர் அவங்களுக்குக் குடுத்தது, இதைப் படிச்சுட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீங்க.)

வேலையை வித்தாங்க, தன்னை விக்கல

எழுபதுகள்ல அரிசோனால மாட்டைக் கொழுக்க வெக்கிற பெரிய பெரிய பட்டிங்க, ஃபீட்லாட்னு பேரு, முழுக்க ஆம்பளைங்க ராஜ்ஜியம். ஒரு இடத்துல கார் மேல காளையோட விரையை அறுத்துப் போட்டாங்க, இன்னொரு இடத்துல பொம்பளைங்களுக்கு உள்ள அனுமதி இல்லன்னு கேட்லயே நிறுத்தினாங்க. இவங்களுக்கு முகம் பாத்துப் பேசி, சிரிச்சு, ஆளைக் கவுக்கத் தெரியாது. அரிசோனா ஃபார்மர் ரேஞ்ச்மேன்னு ஒரு விவசாயப் பத்திரிகை, அதுக்குக் கட்டுரை எழுத ஆரம்பிச்சு பத்திரிகையாளர் அட்டை வாங்கிட்டாங்க, அட்டையைக் காட்டுனா கேட் திறக்குது. ஒரு அட்டை. பேச்சுத் திறமைப் பயிற்சிக்கு அஞ்சு வருஷம் செலவழிக்கிறதை விட அது மலிவு.

படம் வரையக் கத்துக்கிட்ட விதமும் அப்படித்தான். நல்லா வரையுற ஒரு டிராஃப்ட்ஸ்மேன் கையை உத்துப் பாத்து அப்படியே பண்ணுறது, ஒரு ஆலையோட வரைபடத்தைக் கையில எடுத்துக்கிட்டு அந்த ஆலைக்குள்ளயே நடந்து, தாள்ல இருக்குற ஒவ்வொரு கோடும் நெஜத்துல எந்தத் தூண், எந்தச் சுவர்னு ஒப்பிட்டுப் பாக்குறது. அல்ஜீப்ரா சுத்தமா வராது, ஏன்னா அதுல பாக்க ஒண்ணுமில்ல. ஆனா ஒரு மாட்டு வழியை மனசுக்குள்ள கட்டி, அதுக்குள்ள மாட்டை நடக்க விட்டு, எங்க இடிக்குதுன்னு பாத்துட்டு வந்து வரைவாங்க. மாடு போற பாதையில தானே இறங்கி, மாட்டுக் கண்ணு மட்டத்துல குனிஞ்சு பாத்தாங்க. தொங்குற ஒரு சங்கிலி, வேலி மேல போட்ட மஞ்சள் ரெயின்கோட், ஈரத் தரையில மின்னுற வெளிச்சம், இதுக்கெல்லாம் மாடு நின்னுடும், பின்னாடி இருக்குறவங்க கரண்ட் குச்சியை எடுப்பாங்க. சங்கிலியை கழட்டுங்க போதும்னு இவங்க சொன்னாங்க. ஸ்கூல் பெல்லுக்கு நடுங்குன காதுதான், அதே உடம்புதான் சங்கிலியையும் கவனிச்சுது.

புது கிளையன்ட் கிட்ட போனா பேச்சு கிடையாது, மேஜை மேல வரைபடத்தையும் முடிச்ச வேலையோட ஃபோட்டோவையும் விரிச்சுடுறது. இந்த ஆளு ஒரு மாதிரின்னு நினைச்சவன் படத்தைப் பாத்ததும் நீங்களா வரைஞ்சீங்கன்னு கேப்பான், அங்க இருந்து பேச்சு தானா வரும். இன்டர்வியூல உக்காந்தா நாக்கு ஒட்டிக்குற ஆளுங்க இந்த ஒரு பாயின்டை எடுத்துக்கலாம், ஃபோன்லயே ஒரு ஃபோல்டர் இருந்தாப் போதும்.

எல்லாம் அழகா போச்சுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு தடவை ஒருத்தரோட வெல்டிங்கை புறா எச்சம் மாதிரி இருக்குன்னு அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க. அந்த ஆலை இஞ்சினியர் தனியா ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், நீ சொன்னது தப்பு, இது புண்ணா மாறுறதுக்கு முன்னாடி போய் மன்னிப்பு கேட்டுட்டு வான்னு நேரடியா சொன்னாரு. போய்க் கேட்டாங்க. இன்னொரு முதலாளி டியோடரன்ட் டப்பாவை மேஜை மேல டம்முன்னு வெச்சு, உன் மேல நாத்தம் அடிக்குது, இதைப் போடுன்னாரு. அப்போ பயங்கர கோவம், பிற்காலத்துல அவருக்கு நன்றி சொல்றாங்க. ஜாடையா சொல்றது, மூக்கைச் சுளிக்கிறது, "பாத்து நடந்துக்கோம்மா" இதெல்லாம் இவங்களுக்கு எட்டவே எட்டாது. என்ன தப்பு, என்ன பண்ணணும், ரெண்டையும் வார்த்தையில, தனியா, ஒரே தடவை. அந்த டம்மு மட்டும் தேவையில்லாததுன்னு நான் நினைக்கிறேன்.

வாயால அஞ்சாறு வேலையை வரிசையா சொன்னா மண்டையில நிக்காது, அதனால விமானம் ஓட்டுறவங்க வெச்சிருக்குற மாதிரி செக்லிஸ்ட் எழுதிக் குடுங்கன்னு மேடைக்கு மேடை கேக்குறாங்க. விருது வாங்குன புரொஃபசர் வெக்கப்படாம கேக்குற இதை நான் ஆபீஸ்ல கேக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு. கேட்ட அன்னைக்கு மேனேஜர் "ஓ, சரி"ன்னு மட்டும் சொன்னாரு, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இந்த கேஸ்ல எனக்கு இடிக்கிறது

ஆட்டிசம் இருக்குற எல்லாருமே படமாத்தான் யோசிப்பாங்கன்னு கிராண்டின் ரொம்ப காலம் நினைச்சாங்க, எழுதவும் செஞ்சாங்க. அப்புறம் அதைப் படிச்ச ஆட்டிசம் உள்ளவங்க பலரும் எனக்கு அப்படி இல்லையேன்னு சொல்ல, திருத்திக்கிட்டாங்க, படமா யோசிக்கிறவங்க, கணக்கு இசை மாதிரி ஒழுங்கமைப்பா யோசிக்கிறவங்க, வார்த்தையா யோசிக்கிறவங்கன்னு பிரிச்சாங்க. தன் தலையை வெச்சு ஊர் தலையை அளந்தது தப்புன்னு அச்சுல ஒத்துக்கிட்டதுக்கு மரியாதை உண்டு.

இன்னொண்ணு, அவங்க பேச்சுல வேலைதான் எல்லாம். ஏதாவது ஒரு திறமையை வளர்த்துடு, உலகம் உன்னை ஏத்துக்கும்னு. அப்போ கடைசி வரைக்கும் பேச்சே வராத, வேலைக்கே போக முடியாத பிள்ளைங்க? அவங்களுக்கு ஏத்துக்கப்படுறதுக்கு என்ன விலை? அதுக்கு இந்த கேஸ்ல பதில் இல்ல. கல்யாணம், காதல் வேண்டாம்னு அவங்க எடுத்த முடிவு அவங்களுக்குச் சரியா இருந்திருக்கலாம், அதை வெச்சு ஆட்டிசம்னாலே அதுல ஆசை இல்லாதவங்கன்னு மத்தவங்களைப் பாக்குறதும் தப்பு.

மெஷின் என்ன ஆச்சு

நரம்பியல் டாக்டர் ஆலிவர் சாக்ஸ் கொலராடோல இவங்க வீட்டுக்குப் போய்ப் பழகிட்டு 1993-ல ஒரு நீளமான கட்டுரை எழுதுனாரு. படுக்கையறையில மெஷின் இருந்துச்சு, அவரும் உள்ள படுத்துப் பாத்தாரு, இதமாத்தான் இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு. மனுஷங்க நடுவுல இருக்கும்போது செவ்வாய் கிரகத்துல ஆராய்ச்சி பண்ற மானுடவியலாளர் மாதிரி இருக்குன்னு இவங்க சொன்னது அந்த நேரத்துலதான். அப்போ அவங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு தாண்டியாச்சு, 18 வயசுல ப்ளைவுட்ல ஆரம்பிச்சது கூடவே வந்துருக்கு, ஊர் ஊரா வீடு மாறுனப்பவும்.

2010 பிப்ரவரில டைம் பத்திரிகை பேட்டியில ஒருத்தர் கேட்டாரு, இன்னமும் அந்த மெஷினை யூஸ் பண்றீங்களான்னு. அது ரெண்டு வருஷம் முன்னாடியே உடைஞ்சு போச்சு, ரிப்பேர் பண்ண நேரமே கிடைக்கல, இப்பல்லாம் நான் மனுஷங்களையே கட்டிப்பிடிக்கிறேன்னு சொல்லிட்டாங்க.